அடிபட்ட முட்டியில் எண்ணெய் வைக்காதீர்கள்



பதிவு கொஞ்சம் நீளம். நாற்பது நிமிட வகுப்பில் என்னைப் பொறுத்துக்கொண்டவர்கள் இதையும் பொறுத்துக்கொள்வீர்கள் என்று நினைக்கிறேன். உறவினர்களில் இரண்டு பேராவது இதைப் படித்துவிட்டு என்னோடு பேசமாட்டார்கள். பரவாயில்லை, பொங்கலுக்குள் சரியாகிவிடும்.

பத்து நாளைக்கு முன் என் நாத்தனாரின் பேரன், பத்தொன்பது வயது, கல்லூரியிலிருந்து வரும்போது கூட்டேரிப்பட்டு தாண்டி பைக்கோடு விழுந்தான். நாய் குறுக்கே வந்ததாம். ஹெல்மெட் போட்டிருந்தான், தலை தப்பியது. இடது முட்டி தார் ரோட்டில் மோதி, வண்டியும் அதன்மேல் சாய்ந்துவிட்டது. எழுந்து நிற்கப் பார்த்தான், முடியவில்லை. கூட வந்த பையன்கள் ஒரு ஆட்டோவில் ஏற்றி விழுப்புரத்துக்குக் கொண்டுவந்து வீட்டில் விட்டார்கள். ஆஸ்பத்திரியில் இல்லை, வீட்டில். வழியில்தான் முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. அதன் வாசலைத் தாண்டித்தான் அந்த ஆட்டோ வந்திருக்கிறது.

மாலை ஆறரைக்குக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் படம் வந்தது. முட்டி தேங்காய் அளவுக்கு வீங்கியிருந்தது. அப்புறம் யோசனைகள் வர ஆரம்பித்தன. விளக்கெண்ணெயைச் சூடாக்கித் தேய்க்கச் சொன்னார் ஒருவர். புளியும் உப்பும் கரைத்துக் கொதிக்கவைத்துப் பற்றுப் போடச் சொன்னார் இன்னொருவர். மரக்காணம் கல்லுப்பை வறுத்துத் துணியில் முடிந்து ஒத்தடம் கொடுக்கச் சொன்னது என் சொந்தத் தம்பி, எம்.எஸ்ஸி. படித்தவன். உளுத்தமாவும் முட்டை வெள்ளைக்கருவும், மயில் எண்ணெய் (மயிலைக் கொல்வது குற்றம் என்பது தனிக் கதை), வேலூர்ப் பக்கம் கை வைத்தாலே சரியாக்கிவிடும் ஒரு பெரியவர், சிங்கப்பூர் மாப்பிள்ளை அனுப்பிய ஏதோ ஸ்ப்ரேயின் படம். இரவு பத்து மணிக்குள் பதினேழு யோசனை. "எக்ஸ்ரே எடுத்தீர்களா?" என்று கேட்டது பதினெட்டாவது. அது நான். அதற்கு ஒருவர் மட்டும் கைகூப்பும் பொம்மை போட்டிருந்தார்.

மறுநாள் காலை திண்டிவனத்தில் முதல் பஸ்ஸைப் பிடித்துப் போனேன். வீட்டுக்குள் நுழையும்போதே எண்ணெய் வாசனை. இரவே ஒருவரை அழைத்துவந்து நீவிவிட்டு, உப்பு ஒத்தடம் கொடுத்து, அதன்மேல் கிரேப் பேண்டேஜை இறுக்கிச் சுற்றியிருந்தார்கள். பையன் இரவு முழுக்கத் தூங்கவில்லை. "கட்டு வேலை செய்யுது, அதான் வலி" என்றார் நாத்தனார். அவரை நான் அண்ணி என்று கூப்பிட்டு முப்பத்தைந்து வருடமாகிறது, ஒரு நாளும் எதிர்த்துப் பேசியதில்லை. பையனின் இடது கால் கட்டைவிரலைத் தொட்டேன். சில்லென்று இருந்தது. வலது கால் விரலைத் தொட்டேன். வெதுவெதுப்பாக இருந்தது. நகத்தை அழுத்திவிட்டு எடுத்தேன், வெளுத்த இடம் சிவக்க வெகுநேரம் ஆனது. "அண்ணி, கத்தரிக்கோல் எங்கே?" என்றேன். "நல்லாக் கட்டினதை ஏன் அவுக்கிற?" என்றார். பதில் சொல்லாமல் நானே சமையலறைக்குப் போய் எடுத்துவந்து வெட்டினேன்.

பேண்டேஜின் வரி தோலில் பதிந்திருந்தது. விரல்களுக்குச் சூடு திரும்பிய பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. 108-க்குப் போன் செய்து முண்டியம்பாக்கம் கொண்டுபோனோம். முட்டிக்குக் கீழே கணுக்கால் எலும்பு தொடங்கும் மேல்பகுதியில் முறிவு. கணுக்கால் என்று நான் வாய்தவறிச் சொன்னதும் டாக்டர் சிரித்துக்கொண்டே "முன்னங்கால் எலும்பு டீச்சர்" என்று திருத்தினார். அந்தப் பெண் சிரிப்பை நிறுத்திவிட்டு அடுத்துக் கேட்டது: "இதை யார் நீவினது?"

யாரும் வாய் திறக்கவில்லை.

அண்ணியைக் குத்திக்காட்ட இதை எழுதவில்லை. குத்துவதென்றால் முதல் குத்து எனக்கு விழ வேண்டும். அந்தக் கதையையும் சொல்லிவிடுகிறேன், இருபத்தொன்பது வருடமாக யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை.

1996. திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகும் சாலையில் உள்ளே தள்ளி இருந்த ஒரு நடுநிலைப் பள்ளி. விளையாட்டு ஆசிரியர் கிடையாது, விளையாட்டுப் பிரிவேளையும் நான்தான் பார்க்க வேண்டும். எட்டாம் வகுப்பில் ஒருவன் இருந்தான். கபடியில் அவனைப் பிடிக்க ஆள் கிடையாது. அன்றைக்கு மூன்று பேர் சேர்ந்து பிடித்தார்கள். பாதம் மண்ணில் ஊன்றியபடி இருக்க உடம்பு மட்டும் திரும்பியது. "டப்" என்று ஒரு சத்தம், வரப்போரம் நின்ற எனக்கே கேட்டது. அரை மணி நேரத்துக்குள் முட்டி வீங்கிவிட்டது.

இரண்டு வருட ஆசிரியர் பயிற்சியில் முதலுதவி படித்தவள் நான். முக்கோணக் கட்டுத் துணியை ரெக்கார்டு நோட்டில் வண்ணப் பென்சிலால் வரைந்து "மிக நன்று" வாங்கியவள். நான் என்ன செய்தேன் தெரியுமா? ஊரில் சுளுக்கு எடுக்கும் பெரியவரைக் கூட்டிவர ஆள் அனுப்பினேன். அவர் பணம் வாங்காதவர், வெற்றிலைப் பாக்கு மட்டும் போதும் என்பார், ஊருக்கே நல்லவர். அவர் எண்ணெய் தொட்டு நீவினார். பிறகு காலைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தார். "டீச்சர், வேணாம் டீச்சர், விடச் சொல்லுங்க டீச்சர்" என்று அந்தப் பையன் கத்தினான். அவன் திமிறாமல் இருக்கத் தோளை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தது நான்.

மூன்று வாரத்தில் நடந்துவிட்டான். ஊரெல்லாம் பெரியவரைப் புகழ்ந்தது, நானும்தான். ஆனால் திரும்பும்போதெல்லாம் "முட்டி நழுவுது டீச்சர்" என்பான். சோம்பல் என்று நினைத்து மறுபடி ஆடவிட்டேன். அப்புறம் அவனே கபடியை விட்டான். முப்பது வயதுக்கு மேல் ஸ்கேன் எடுத்தபோது, முட்டிக்குள் இருக்கும் ஜவ்வு என்றைக்கோ அறுந்து, அதோடே ஓடியாடியதில் உள்ளே இருக்கும் மெத்தையும் கிழிந்து தேய்ந்துவிட்டது என்றார்களாம். இப்போது நாற்பத்துமூன்று வயது. ஆட்டோ ஓட்டுகிறான். கிளட்சைப் பற்றிக் கவலை இல்லை, அது கையில் இருக்கிறது; பிரேக் மிதிக்கத்தான் கஷ்டம் என்று சிரிக்கிறான். படி இறங்கும்போது ஒரு பக்கம் சாய்ந்து இறங்குகிறான்.

நியாயமாகச் சொல்ல வேண்டும். அந்த இழுப்பினால்தான் ஜவ்வு அறுந்தது என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை. விழுந்தபோதே, அந்த "டப்" சத்தத்திலேயே அறுந்திருக்கும். ஆனால் வீக்கம் வடிந்ததும் குணமாகிவிட்டது என்று நாங்கள் நம்பியதும், அறுந்த முட்டியோடு அவனை ஆடவிட்டதும் எங்கள் வேலை. அவனுக்கு அன்று தேவைப்பட்டது திண்டிவனம் அரசு மருத்துவமனை வரை ஒரு பஸ் டிக்கெட்.

இப்போது கரும்பலகைப் பக்கம் வாருங்கள். முட்டி என்பது தொடை எலும்பின் முனை, முன்னங்கால் எலும்பின் முனை, முன்னால் மூடி போல முட்டிச்சில். இவற்றைக் கட்டிப்பிடித்திருப்பது நான்கு முக்கியமான ஜவ்வுகள்: பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு, உள்ளே குறுக்கே பெருக்கல் குறி போல இரண்டு. எலும்புக்கும் எலும்புக்கும் நடுவே பிறை நிலா வடிவத்தில் இரண்டு மெத்தைகள், மெனிஸ்கஸ் என்பது அதைத்தான். முட்டிக்குப் பின்குழியில் முழங்காலுக்குக் கீழே ரத்தம் கொண்டுபோகும் பெரிய ரத்தக்குழாய். இதில் "பிசகிய நரம்பு" என்று ஒன்று எங்கே இருக்கிறது? எதை இழுத்து எங்கே வைக்கப் போகிறார்கள்? அடிபட்டதும் உள்ளே சின்னச் சின்ன ரத்தக்குழாய்கள் கிழிந்து கசிந்துகொண்டிருக்கும். அந்த நேரத்தில் நீவினால் கசிவு கூடும். சூடு வைத்தால் ரத்த ஓட்டம் அதிகமாகி வீக்கம் கூடும். எலும்பில் விரிசல் இருந்தால் நீவுகிற கை அதை விலக்கிவிடும். தொடைத் தசையில் பலமாக அடிபட்டிருக்கும்போது திரும்பத் திரும்ப நீவினால் அந்தத் தசைக்குள்ளேயே எலும்பு போலக் கெட்டியாகிவிடுவதும் உண்டு. எலும்பு மருத்துவர்களிடம் கேட்டுப்பாருங்கள், பார்த்திருப்பார்கள்.

"அப்படியானால் எனக்கு மட்டும் எண்ணெய் தேய்த்தால் எப்படிச் சுகமாக இருக்கிறது?" என்று கேட்கும் என் வயதுக்காரர்களுக்கு இது. எனக்கும் சுகமாகத்தான் இருக்கிறது. நம் முட்டி வருடக்கணக்காகத் தேய்ந்து இறுகிப்போன முட்டி. அதற்கு வெந்நீர் ஒத்தடமும் எண்ணெயும் இதம் தரும், செய்துகொள்ளுங்கள். நேற்று மாலை அடிபட்டு உள்ளே ரத்தம் கட்டிக்கொண்டிருக்கும் பேரனின் முட்டி வேறு. பாட்டி முட்டிக்குச் செய்கிற வைத்தியத்தை அன்போடு பேரன் முட்டிக்கும் செய்துவிடுகிறோம். பாட்டி வைத்தியத்தின் மேல் எனக்கு வேறு சண்டை எதுவும் இல்லை.

அடுத்து, குழுவில் என் வாயை அடைத்த கேள்விக்கு வருகிறேன். "ஆஸ்பத்திரிக்குப் போன பிரியாவுக்கு என்ன ஆச்சு?"

மறந்தவர்களுக்காகச் சொல்கிறேன். சென்னை வியாசர்பாடியைச் சேர்ந்த 17 வயது கால்பந்து வீராங்கனை, இராணி மேரிக் கல்லூரி முதலாம் ஆண்டு மாணவி. முட்டி ஜவ்வு கிழிந்ததற்காக 2022 நவம்பரில் பெரியார் நகர் அரசு புறநகர் மருத்துவமனையில் ஆர்த்ராஸ்கோபி என்ற சின்னத் துளை வழி அறுவைச் சிகிச்சை நடந்தது. அதன்பின் போட்ட அழுத்தக் கட்டினால் காலுக்கு ரத்த ஓட்டம் தடைப்பட்டது. ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனைக்கு மாற்றினார்கள், காலை எடுத்தார்கள், நவம்பர் 15 அன்று அந்தக் குழந்தை இறந்தே போனாள். கவனக்குறைவு நடந்தது என்று அரசே சொன்னது. இரண்டு மருத்துவர்கள் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள், குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் அறிவிக்கப்பட்டது. அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. பெண் பிள்ளைகளைப் பந்து விளையாடவிடச் சொல்லி வீடு வீடாகப் போய்ப் பெற்றோரிடம் கெஞ்சிய டீச்சர்களுக்கு அந்தச் செய்தி எப்படி இருந்திருக்கும் என்று யோசியுங்கள்.

சரி, அதிலிருந்து என்ன முடிவுக்கு வருகிறீர்கள்? ஆஸ்பத்திரிக்கே போகக் கூடாது என்றா? அந்தப் பெண்ணைக் கொன்றது எது என்று பாருங்கள். இறுக்கமான ஒரு கட்டு. வலிக்கிறது என்று சொன்னபோது அவிழ்க்கப்படாத ஒரு கட்டு. விழுப்புரத்தில் என் நாத்தனார் வீட்டில் அன்று காலை நான் வெட்டி எறிந்தது அதே பொருளைத்தான். மருத்துவமனையில் நடந்தபோது விசாரணை வந்தது, செய்தி வந்தது, பொறுப்பானவர்கள் பதில் சொல்ல வேண்டியிருந்தது. தென்னந்தோப்பு ஓரத்தில் மூங்கில் தப்பை வைத்துக் கட்டிய காலில் விரல் கறுத்துப்போனால் யாரைப் பணியிடை நீக்கம் செய்வீர்கள்? "விதி" என்று முடித்துவிடுவோம். பிரியாவின் பெயரைச் சொல்லி வீட்டில் எண்ணெய்க் கட்டுப் போடுவது அந்தக் குழந்தைக்குச் செய்கிற மரியாதை ஆகாது. கட்டுப் போட்டவர் டாக்டராக இருந்தாலும் சரி, தாத்தாவாக இருந்தாலும் சரி, விரலைத் தொட்டுப் பாருங்கள். வலி கூடிக்கொண்டே போகிறது, மாத்திரைக்கும் அடங்கவில்லை, விரலை மெல்ல நிமிர்த்தினாலே உயிர் போகிறது, மரத்துப்போகிறது, சில்லிடுகிறது என்றால் கட்டை உடனே பார்க்கச் சொல்லிச் சத்தம் போடுங்கள். ஆஸ்பத்திரியிலும் சத்தம் போடுங்கள். ரத்தம் போகாமல் ஆறு மணி நேரம் ஆனால் தசை சாகத் தொடங்கிவிடும்.

கட்டு வைத்தியர்களை எல்லாம் மோசக்காரர்கள் என்று சொல்கிறேன் என்று திரிக்காதீர்கள். ஆந்திராவின் புத்தூர் கட்டு பல தலைமுறையாக நடப்பது. அந்தப் பெயரைப் பலகையில் எழுதிக்கொண்டு நம் நெடுஞ்சாலை ஓரங்களில் உட்கார்ந்திருப்பவர்கள் எல்லாரும் புத்தூரைப் பார்த்தவர்களா என்பது வேறு. சிலர் எக்ஸ்ரே எடுத்துவரச் சொல்கிறார்கள், நேராகச் சேர்ந்த எலும்பு நன்றாகச் சேரத்தான் செய்கிறது. மக்கள் ஏன் அங்கே போகிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரிக்குப் போனால் ஒரு நாள் கூலி போச்சு, கூடப் போகிறவருக்கும் போச்சு. சீட்டு வாங்க ஒரு வரிசை, படம் எடுக்க ஒரு வரிசை, அதற்குள் மதியம். கட்டு வைத்தியர் "வாம்மா, உக்காரு" என்கிறார். அரசு மருத்துவமனையில் அந்த ஒரு வார்த்தை கிடைத்தால் பாதிப் பேர் இங்கே வந்துவிடுவார்கள். என் மாணவர்களில் நர்ஸாகவும் டாக்டராகவும் இருக்கிறவர்கள் இதைப் படிக்கிறீர்கள் என்று தெரிந்துதான் எழுதுகிறேன்.

ஆனால் முட்டி மூட்டு நடு எலும்பைப் போன்றது இல்லை. உள்ளே இருக்கும் ஜவ்வையும் மெத்தையையும் எந்தக் கையாலும் தடவிப் பார்த்துச் சேர்க்க முடியாது. எக்ஸ்ரேயிலேயே அவை தெரியாது, எம்.ஆர்.ஐ. தேவைப்படும். "எக்ஸ்ரே நார்மல், அப்ப நீவலாம்" என்று ஒரு அண்ணன் எழுதியிருந்தார். எக்ஸ்ரே நார்மல் என்றால் எலும்பு முறியவில்லை என்று அர்த்தம், அவ்வளவுதான்.

வீட்டில் என்னதான் செய்வது?

முதலில் எழுப்பி நிறுத்தி "நடந்து பார்" என்று சொல்வதை நிறுத்துங்கள். என் பழைய மாணவர்களில் விளையாட்டு ஆசிரியராக இருக்கும் மூன்று பேருக்கு இதைத் தனியாகச் சொல்கிறேன்: "ரெண்டு ரவுண்டு ஓடு, சரியாப் போயிடும்" என்ற வசனத்தை என்னிடமிருந்துதான் கற்றீர்கள், தயவுசெய்து மறந்துவிடுங்கள். பிள்ளையை உட்காரவையுங்கள், ஓரமாக விடுங்கள், காலைப் பாருங்கள். வடிவம் மாறியிருக்கிறதா, முட்டிச்சில் பக்கவாட்டில் போயிருக்கிறதா, எலும்பு தெரிகிறதா, விரல் அசைகிறதா. வடிவம் மாறியிருந்தால் நேராக்க முயலக் கூடாது. இருக்கிறபடியே இரண்டு பக்கமும் தலையணை கொடுத்து, முட்டியை விட்டு மேலும் கீழும் துண்டால் தளர்வாகக் கட்டி, 108-ஐக் கூப்பிடுங்கள். அறுவைச் சிகிச்சை தேவைப்படலாம் என்று தோன்றினால் டீ, சோடா என்று வாயில் ஊற்றாதீர்கள்.

வடிவம் சரியாக இருந்தால் குளிர் ஒத்தடம். ஐஸைத் துணியில் சுற்றி, பதினைந்து இருபது நிமிடம், இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை, முதல் இரண்டு நாள். நேரடியாகத் தோலில் வைத்தால் தோல் வெந்துபோகும், சர்க்கரையால் கால் மரத்தவர்களுக்கு இதில் அதிகக் கவனம் வேண்டும். பிரிட்ஜ் இல்லாத வீடென்றால் மீன்காரரிடம் ஐஸ் கிடைக்கும், அதுவும் இல்லையென்றால் பானைத் தண்ணீரில் நனைத்த துண்டு. காலை இரண்டு தலையணை மேல் உயர்த்தி வைக்க வேண்டும். வீக்கத்துக்குக் கிரேப் பேண்டேஜ் சுற்றலாம், கெண்டைக்காலின் நடுவில் தொடங்கி மேலே தொடையின் நடு வரை, உள்ளே ஒரு விரல் நுழைகிற அளவுக்கு. சுற்றிக் கால்மணி நேரத்தில் கால் விரலைப் பாருங்கள். இரவு தூங்கும்போது கழற்றிவிடுங்கள். இறுக்கினால் சீக்கிரம் குணமாகும் என்பது பொய்.

இந்த ஐஸ் விஷயத்திலும் ஒரு சங்கதி இருக்கிறது, படித்த பிள்ளைகள் என்னை மடக்குமுன் நானே சொல்லிவிடுகிறேன். ஓய்வு, ஐஸ், கட்டு, உயர்த்தல் என்ற நான்கையும் 1978-இல் தன் புத்தகத்தில் சேர்த்துச் சொன்னவர் அமெரிக்க மருத்துவர் கேப் மிர்கின். அவரே 2014-இல், நீண்ட நேரம் ஐஸ் வைப்பதும் முழு ஓய்வும் ஆறுவதைத் தாமதப்படுத்தலாம் என்று தன் கருத்தை மாற்றிக்கொண்டார். ஆகவே ஐஸ் வலிக்கு, அளவோடு. ஓய்வும் நாலு நாள் படுக்கை என்று இல்லாமல், முறிவோ அறுந்த ஜவ்வோ இல்லை என்று டாக்டர் சொன்னபின் மெல்ல மெல்ல அசைக்க வேண்டும். சொன்னதைத் திருத்திக்கொள்ள ஒரு டாக்டருக்கு முப்பத்தாறு வருடம் ஆனது. எனக்கு இருபத்தொன்பது. நம் குடும்பக் குழுவுக்கும் கொஞ்சம் அவகாசம் கொடுக்கத்தான் வேண்டும்.

எப்போது படம் எடுக்க வேண்டும் என்பதற்குக் கனடாவின் ஒட்டாவா மருத்துவர்கள் 1995-இல் ஒரு விதி வகுத்தார்கள், இன்றும் அவசர சிகிச்சைப் பிரிவுகளில் பயன்படுகிறது. அடிபட்டவருக்கு 55 வயது ஆகிவிட்டதா, முட்டிச்சிலை மட்டும் தொட்டால் வலிக்கிறதா, முட்டிக்குக் கீழே வெளிப்பக்கம் புடைத்திருக்கும் எலும்பைத் தொட்டால் வலிக்கிறதா, முட்டியை நாற்காலியில் உட்காரும் அளவுக்கு மடக்க முடியவில்லையா, அடிபட்ட உடனேயும் மருத்துவமனையிலும் நான்கு அடி எடுத்து வைக்க முடியவில்லையா. இதில் ஒன்று இருந்தாலும் எக்ஸ்ரே. நொண்டி நொண்டி நடந்தாலும் நான்கு அடி கணக்குத்தான். எங்கள் பேரன் ஒரு அடி கூட வைக்கவில்லை, அவனுக்குக் கொடுத்தது விளக்கெண்ணெய்.

இதோடு நான் என் மாணவனிடம் கற்ற இரண்டு அடையாளங்கள்: விழும்போது "டப்" சத்தம், இரண்டு மணி நேரத்துக்குள் பெரிய வீக்கம். அப்படி வேகமாக வீங்கினால் மூட்டுக்குள் ரத்தம் நிற்கிறது என்று அர்த்தம், ஜவ்வோ எலும்போ போயிருக்க வாய்ப்பு அதிகம். மடக்கிய முட்டி நீட்ட வராமல் பூட்டிக்கொண்டாலும், பிறகு நடக்கும்போது நழுவினாலும் எலும்பு மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும். வீக்கத்தோடு காய்ச்சலும் வந்து முட்டி சூடாகச் சிவந்திருந்தால் அது கிருமி புகுந்த மூட்டாக இருக்கலாம், அன்றே போங்கள். அடியே படாமல் பத்துப் பதினைந்து வயதுப் பிள்ளை முட்டி வலி என்று நொண்டினால் இடுப்பையும் பார்க்கச் சொல்லுங்கள். இடுப்பு மூட்டில் கோளாறு இருந்தாலும் பிள்ளைகளுக்கு வலி முட்டியில் தெரியும்.

சிராய்ப்புக்குக் காப்பித்தூள், மஞ்சள், பேனா மை எதுவும் வேண்டாம். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவி, சுத்தமான துணி, டி.டி. ஊசி போட்டு எத்தனை வருடம் ஆனது என்ற கணக்கு. வலிக்கு பாராசிட்டமால் போதும். மெடிக்கல் ஷாப்பில் "முட்டி வலிக்கு ஒன்னு குடுங்க" என்று கேட்டு வாங்குவது சிறுநீரகக் கோளாறும் வயிற்றுப் புண்ணும் உள்ளவர்களுக்கு வினையாகும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிற மாமாக்கள் சின்ன அடிக்கும் டாக்டரைப் பாருங்கள், உங்களுக்கு வீக்கம் நிற்காமல் ஏறும்.

பைக்கிலிருந்து விழுந்தால் செலவாகுமே என்று வீட்டுக்குக் கொண்டுபோகும் பிள்ளைகளுக்கு: 2021 டிசம்பரில் நம் பக்கத்து ஊரான மேல்மருவத்தூரில்தான் "இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48" திட்டத்தைத் தொடங்கினார்கள். சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை, திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனையிலும் இலவசம். அரசு மருத்துவமனையில் கேட்கவே வேண்டாம். அந்த ஆட்டோவில் இருந்த நான்கு பையன்களுக்கும் இது தெரியவில்லை. சாலையை நாற்பது கிலோமீட்டர் தினம் ஓட்டுகிறவர்கள்.

பேரன் இப்போது நன்றாக இருக்கிறான். மாவுக்கட்டோடு படுத்துக்கொண்டு செல்போன் பார்க்கிறான். அண்ணி நேற்று போன் செய்து, "கட்டுக்குள்ள அரிக்குதாம், கொஞ்சம் எண்ணெய் விடலாமா?" என்று கேட்டார். கேட்டாரே, அதுவே பெரிது. வேண்டாம் அண்ணி என்றேன், சரி என்றார்.

என் ஆட்டோக்கார மாணவனிடம் இந்தப் பதிவை எழுதும் முன் அனுமதி கேட்டேன். "பேர் போடாதீங்க டீச்சர், மத்தபடி எழுதுங்க. ஆனா நீங்க தோளைப் புடிச்சிருந்ததை எழுதணுமா?" என்றான். எழுத வேண்டும் என்றேன்.

வருகிற ஞாயிறு காலை பத்து மணிக்கு வீட்டில் இருப்பேன். கிரேப் பேண்டேஜ் ஆறு சுருள் வாங்கி வைத்திருக்கிறேன். கட்டுப் போடக் கற்றுக்கொள்ள நினைப்பவர்கள் வாருங்கள், பிள்ளைகளையும் அழைத்து வாருங்கள். முண்டியம்பாக்கத்தில் நர்ஸாக இருக்கும் நம் பழைய மாணவி ஒருத்தி சொல்லித்தர ஒப்புக்கொண்டிருக்கிறாள். முட்டியைக் காட்ட நான் தயார். காப்பி உண்டு.